மின்சார டபுள் கெப்பும் கூரைக் கூடாரமும்: தூரத்தைத் தின்னும் தவறுகள்

வெள்ளவத்தை நண்பன் ஒருவன் மின்சார டபுள் கெப் (இரண்டு வரிசை இருக்கையும் பின்பெட்டியும் உள்ள பிக்கப்) வாங்க யோசிக்கத் தொடங்கி ஆறு மாதமாகிறது. வாகனம் இன்னும் வரவில்லை. அதற்குப் பூட்ட வேண்டிய சாமான்களின் பட்டியல் மட்டும் ஒரு கொப்பியில் இரண்டு பக்கத்துக்கு நீண்டுவிட்டது. பின்பெட்டியை மூடும் கெனோபி, ரூஃப் ரேக், அதன்மேல் விரிக்கும் கூடாரம், பக்கவாட்டில் இழுத்துவிடும் பந்தல், முன்னுக்கு இரும்புப் பார், முரட்டு ரயர், ஸ்நோர்க்கல். கடைசிச் சாமானைக் கண்டதும் சிரித்துவிட்டேன். ஆழத் தண்ணீருக்குள் இறங்கும்போது டீசல் எஞ்சினுக்கு மேலிருந்து காற்றெடுத்துக் கொடுக்கும் குழாய் அது. “மூச்சே விடாத மோட்டருக்கு மூக்கு எதுக்கடா?” என்றேன்.

மற்றச் சாமான்களைச் சிரித்துத் தள்ள முடியாது. 2020 மார்ச்சில் மூடிய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்த பிறகு, டீசல் கெப்பில் பழகிய பலரின் பேச்சு மின்சாரத்தின் பக்கம் திரும்பியிருக்கிறது. பழக்கங்கள் மட்டும் டீசல் காலத்திலேயே நிற்கின்றன. கூரையில் எதை ஏற்றினாலும் அப்போது யாரும் கணக்குப் பார்த்ததில்லை. ஒரு லீற்றர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் சக்தி இருக்கிறது. வீட்டு மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான். 75 லீற்றர் தாங்கி என்றால் 750 யூனிட். பாதிக்கு மேல் வெறும் சூடாகப் போனாலும் மிச்சம் தாராளம். இசுசு டி-மேக்ஸின் மின்சார வடிவத்தில் இருக்கும் பற்றரி 66.9 யூனிட். ஐரோப்பியச் சோதனை முறையில் அதற்குக் கிடைத்த தூரம் 263 கிலோமீற்றர், அதுவும் கூரையில் ஒன்றுமே இல்லாமல். நிறைகுடத்தில் ஒரு செம்பு எடுத்தால் தெரியாது. செம்பிலேயே ஒரு மிடறு போனால் தெரியும்.

எடையைப் பார்த்து ஏமாறுவது

எல்லோரும் முதலில் கேட்பது “அது எத்தனை கிலோ?” என்றுதான். சமதரையில் அது கிட்டத்தட்ட வேண்டாத கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,400 கிலோ எடையுள்ள டபுள் கெப், காற்றுக்குக் காட்டும் முகம் 3 சதுர மீற்றர், காற்றுத் தடைக் குணகம் (வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) 0.45, பாவிக்கக்கூடிய பற்றரி 60 யூனிட், ஏசியைச் சேர்க்கவில்லை. உங்கள் வாகனத்துக்கு எண்கள் மாறும்; அவற்றுக்கு இடையிலான உறவு பெரிதாக மாறாது. மணிக்கு 100 கிலோமீற்றரில் இந்த வாகனத்தை இழுத்துப் பிடிக்கும் விசையில் ஏறக்குறைய 70 வீதம் காற்று, மிச்சம் ரயர். 100 கிலோமீற்றருக்குச் சுமார் 28 யூனிட் போகும், ஆகவே முழுப் பற்றரிக்கு ஏறக்குறைய 215 கிலோமீற்றர்.

இப்போது 60 கிலோ கூடாரம் ஒன்றைக் கூரையில் ஏற்றுங்கள். அதன் எடைக்காக மட்டும் போவது 100 கிலோமீற்றருக்கு கால் யூனிட்டுக்கும் குறைவு. அது காற்றில் நிற்பதற்காகப் போவதோ மூன்றரை யூனிட். 215 கிலோமீற்றர் 190 ஆகிவிடும். அதே 60 கிலோவைப் பின்பெட்டிக்குள் படுக்கவைத்து மூடினால் வித்தியாசத்தை மீற்றரில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பட்டம் விட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கடதாசிக்கு எடையே கிடையாது, ஆனால் சோளகக் காற்றில் அது கையை இழுக்கிற இழுப்பு வேறு.

வேகத்தை மறப்பது

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். இதைப் பள்ளியில் படித்திருப்போம். கொட்டாவ வாசலில் ரிக்கெற்றை எடுத்ததும் மறந்துவிடுவோம். தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் உச்ச வேகம் 100. மேலே சொன்ன அதே வாகனத்தை, கூடாரம் ஏற்றியபடியே, 80இல் ஓட்டினால் கணக்குப்படி 258 கிலோமீற்றர் போகும். அதாவது கூடாரத்தோடு 80இல் போகிறவர், கூடாரமில்லாமல் 100இல் போகிறவரைவிட 40 கிலோமீற்றர் கூடப் போவார். கொட்டாவயிலிருந்து மாத்தறைக்கு 126 கிலோமீற்றர், அம்பாந்தோட்டைப் பக்கம் வரை ஏறக்குறைய 222. இடையில் எங்கே சார்ஜ் போடுவது என்று தவிக்கிற பயணமா, தேநீர் குடித்தபடி போகிற பயணமா என்பதை அந்த 20 கிலோமீற்றர் வேகம்தான் முடிவு செய்கிறது.

எதிர்க்காற்றும் இதே கணக்குத்தான். 100இல் போகும்போது முன்னாலிருந்து 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வந்தால் வாகனத்துக்கு அது 120இல் போவதற்குச் சமன். காற்றுத் தடை 44 வீதம் கூடிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தெற்கே போகிறவர்களும், பூநகரியில் சங்குப்பிட்டிப் பாலத்துப் பக்கம் கடலேரி வெளியில் ஓட்டுகிறவர்களும் இதைக் கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பம்பலப்பிட்டிக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் மட்டும் ஓடுகிற வாகனத்தில் ரேக்கைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவது வீண்வேலை. காலி வீதி நெரிசலில் ஊரும்போது காற்று ஒரு பொருட்டே இல்லை, ஏசிதான் தின்கிறது. நீண்ட ஓட்டத்துக்கு முதல்நாள் கழற்றினால் போதும்.

கெனோபி என்றால் எல்லாம் ஒன்று என்று நினைப்பது

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் கெனோபி விசாரித்தபோது ஒருவர் சொன்னார்: “மூடினா காத்து வழுக்கிட்டுப் போகும் அண்ணே, சார்ஜ் மிச்சம்.” பாதி உண்மை.

திறந்த பின்பெட்டிக்குள் காற்று போய் இடிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பின்கதவு மூடியிருந்தால் பெட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் உருண்டபடி நிற்கும்; கூரையைத் தாண்டி வருகிற காற்று அந்தச் சுழலின் முதுகில் ஏறிப் போய்விடும். இதனால்தான் பின்கதவைத் திறந்து தொங்கவிட்டு ஓடுவது பிழை. அது சுழலைக் குலைத்து, பெரும்பாலும் தடையைக் கூட்டுகிறது. பெட்டியின் மேல் மட்டமாக விரிக்கும் மூடி போட்டால் சில வீதம் மிச்சமாகலாம். அதைவிட நல்லது கூரையிலிருந்து பின்கதவு வரை சரிந்து இறங்கும் மூடி. டெஸ்லா சைபர்ட்ரக்கின் பின்பெட்டி மூடி அப்படித்தான் சரிகிறது. அந்த வாகனத்தின் அழகைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, ஆனால் அந்தச் சரிவில் வேலை இருக்கிறது.

இங்கே பெரும்பாலும் கிடைப்பது சதுரப் பெட்டிக் கெனோபி. அது கூரையோடு ஒரே மட்டத்தில் இருந்தால் பெரிய லாபமும் இல்லை, பெரிய நட்டமும் இல்லை. முன்பக்கம் காற்று அமைதியாகப் போகிறது, ஆனால் பின்னால் செங்குத்தாக வெட்டிய உயரமான சுவர் ஒன்று வருகிறது. அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்து வாகனத்தைப் பின்னுக்கு இழுக்கும். கூரையைவிட உயர்ந்த கெனோபிதான் உண்மையான எதிரி. இருபது சென்ரிமீற்றர் உயரம், ஒரு மீற்றர் அறுபது அகலம் என்றால் காற்றுக்கு எதிரே 0.32 சதுர மீற்றர் புதுச்சுவர். கூரைக் கூடாரத்தை எந்நாளும் சுமப்பதற்குச் சமன் அது. உள்ளே முதுகு நிமிர்ந்து உட்காரலாம் என்பதற்காக உயரமானதை வாங்குகிறவர்கள், வருடத்தில் எத்தனை இரவு உள்ளே உட்காரப்போகிறார்கள் என்று விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம்.

நிறுவும்போது நடக்கும் தவறு இதைவிட ஆபத்தானது. டீசல் கெப்பில் எங்கே துளை போட்டாலும் கீழே சேசிஸும் மண்ணும்தான். மின்சார வாகனத்தில் தளத்துக்குக் கீழே பற்றரியும் செம்மஞ்சள் நிற உயர் மின்னழுத்தக் கேபிள்களும் ஓடலாம். துரப்பணத்தைத் தூக்க முதல் கேபிள் போகும் வழியைக் காட்டும் படத்தைக் கேளுங்கள். கேட்டால் முறைக்கிற கராஜில் வாகனத்தை விடாதீர்கள். விளிம்பில் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் முறை போதுமானதென்றால் துளையே வேண்டாம்.

முரட்டு ரயர்

கூடாரம் வேகத்தில்தான் தின்னும், ரயர் எப்போதும் தின்னும். கட்டை கட்டையாகப் பூப்போட்ட ரயர் பார்க்கக் கம்பீரம்தான். ஆனால் உருளும் தடைக் குணகம் (ரயர் உருளும்போது எடைக்கு ஏற்ப எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) 0.011இலிருந்து 0.014 ஆனால், என் கணக்குப்படி 100 கிலோமீற்றருக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல் கூடுதலாகப் போகும். நெரிசலிலும் சரி, நெடுஞ்சாலையிலும் சரி. விட்டம் பெரிய ரயர் போட்டால் இன்னொரு குழப்பம்: மீற்றர் காட்டுவதைவிட வாகனம் கூடுதல் தூரம் ஓடும், கூடுதல் வேகத்திலும் போகும், கணக்கே பிசகிவிடும். வருடத்தில் இரண்டு தடவை வில்பத்துப் பக்கம் போவதற்காக 363 நாளும் அந்தச் செலவைச் சுமக்க வேண்டுமா? கற்பிட்டி மணலில் காற்றை இறக்கிவிட்டு, திரும்பும்போது நிரப்ப மறந்து தார் வீதியில் ஓட்டி வருவதும் இதே கணக்குத்தான், ரயரும் கெடும்.

மலையில் எடை பேசும்

மேலே எடையை ஒதுக்கிவைத்தேன். நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் அதைத் திரும்ப எடுக்க வேண்டும். 1,868 மீற்றர் உயரத்துக்கு 100 கிலோவை ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் வேண்டும். முழு வாகனத்துக்கு 12 யூனிட், மோட்டர் இழப்போடு 14. ஆனால் மலை கொடுத்துவைத்த காசு மாதிரி: இறங்கும்போது மோட்டர் மின்னாக்கியாக மாறி அதில் ஒரு நல்ல பங்கைத் திருப்பித் தரும். காற்றுக்குக் கொடுத்தது ஒருபோதும் வராது. இங்கே பலர் விடும் பிழை, மேலே ஹோட்டலில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு 100 வீதத்தோடு இறங்கத் தொடங்குவது. நிறைந்த பற்றரிக்குள் எதையும் ஊற்ற முடியாது. திருப்பி வரும் மின்சாரமும் போச்சு, பிரேக்கும் சூடாகும். 80, 85இல் நிறுத்திக்கொண்டு புறப்படுங்கள்.

முகாமில் தேவையற்ற பயமும் தேவையான பயமும்

கேத்தல் போட்டால் வீடு திரும்ப முடியாது என்று பயப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். 1,500 வாட் கேத்தல் பத்து நிமிடம் கொதித்தால் கால் யூனிட், அதாவது ஒரு கிலோமீற்றர். சிறிய குளிர்ப்பெட்டி நாளுக்கு அரை முதல் ஒரு யூனிட். தாராளமாகப் பாவியுங்கள். இரவு முழுக்க ஏசி போட்டுப் படுப்பதுதான் எண்ணிப் பார்க்க வேண்டியது: ஒரு கிலோவாட் வீதம் எட்டு மணித்தியாலம் என்றால் 8 யூனிட், கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர்.

உண்மையான பயம் 12 வோல்ட் பற்றரியில் இருக்கிறது. மின்சார வாகனத்திலும் அந்தச் சின்னப் பற்றரி உண்டு; கதவுப் பூட்டும் கணினியும் பெரிய பற்றரியை இணைக்கும் சுவிட்சும் அதை நம்பித்தான் இருக்கின்றன. குளிர்ப்பெட்டியையும் விளக்குகளையும் நேரே அதில் கொழுவிவிட்டு வாகனத்தை அணைத்தால், பெரிய பற்றரியில் 50 யூனிட் இருக்கும்போதே காலையில் வாகனம் எழும்பாமல் கிடக்கலாம். வெளிச் சாதனங்களுக்கென்று வாகனத்தில் கொடுத்திருக்கும் 230 வோல்ட் பிளக்கைப் பாவியுங்கள். அது இல்லையென்றால் தனிப் பற்றரிப் பெட்டி ஒன்றைக் கொண்டுபோங்கள்.

நண்பன் கொப்பியில் ஸ்நோர்க்கலையும் பெரிய ரயரையும் வெட்டிவிட்டான். கூடாரத்தைத் தரையில் அடிப்பதாக மாற்றிப் பின்பெட்டிக்குள் வைக்கச் சொன்னேன். “யானை வாற இடத்திலை நிலத்திலை படுக்க மனுசி ஒரு நாளும் சம்மதிக்க மாட்டா” என்றான். அது நியாயமான காரணம். அப்படியென்றால் மேலேயே இருக்கட்டும், கடின ஓடு கொண்ட மெல்லிய கூடாரமாக இருக்கட்டும், ஓடும்போது கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று கையேட்டில் பார்த்துக்கொள் என்றேன். நிற்கும்போது தாங்குவதும் ஓடும்போது தாங்குவதும் வேறு வேறு எண்கள்.

எதைப் பூட்டினாலும் அளந்து பாருங்கள். திரையில் தெரியும் மிச்சத் தூரத்தை நம்ப வேண்டாம். கடந்த சில நாள் நீங்கள் ஓட்டிய விதத்தைப் பார்த்து அது ஊகிக்கிறது. கொட்டாவயில் ஏறி வெலிப்பன்ன வரை 90இல் போய், அங்கே இறங்கித் திரும்பி வாருங்கள். இரு திசையும் ஓடினால்தான் காற்றும் ஏற்ற இறக்கமும் ஓரளவு ஈடாகும். 100 கிலோமீற்றருக்கு எத்தனை யூனிட் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சாமானைப் பூட்டி, அதே நேரத்தில், அதே ரயர் அழுத்தத்தோடு, இன்னொரு நாள்.