ஐரோப்பிய ஒன்றியச் சட்டமும் நாட்டின் அரசமைப்பும் மோதும்போது: படித்து முடிவெடுக்கும் முறை

ஏற்காட்டுத் தோட்டத்திலிருந்து ஜெர்மனிக்குப் போகும் காப்பிக்கொட்டை மூட்டையோடு இனி நிலத்தின் புவியிடக் குறியீடும் போக வேண்டியிருக்கும். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழிக்கப்பட்ட நிலத்தில் அது விளையவில்லை என்று அங்குள்ள இறக்குமதியாளர் உறுதியளிக்க வேண்டும். தோட்டம் 4 ஹெக்டேருக்கு மேற்பட்டதானால் ஒரு புள்ளி போதாது, எல்லைக்கோடு முழுவதும் வேண்டும். ஜெர்மன் நாடாளுமன்றம் இயற்றிய விதி அல்ல இது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1115 ஒழுங்குமுறைச் சட்டம். நடைமுறைக்கு வரும் தேதிதான் தள்ளிப்போடப்பட்டுவந்தது. சேலத்தில் சட்டம் பயில்வோர், தேசங்கடந்த சட்டத்துக்கும் நாட்டின் அரசமைப்புக்கும் உள்ள உறவைப் படிக்க இதைவிட அருகிலுள்ள எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

முதலில், கையிலுள்ள சட்டம் எந்த வகை என்று பாருங்கள். ஒழுங்குமுறைச் சட்டம் உறுப்பு நாடுகளில் நேரடியாகச் செல்லும். வழிகாட்டு ஆணையோ எட்ட வேண்டிய இலக்கை மட்டும் கட்டாயமாக்கி, வழியை நாடுகளிடம் விடும். இங்கே நம் இந்தியப் பழக்கத்தைச் சற்று விலக்கிவைக்க வேண்டும். நம் நாட்டில் பன்னாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானதாலேயே உள்நாட்டுச் சட்டமாகிவிடாது. 253ஆம் பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை அது நீதிமன்றத்துக்குப் பொருள்கொள்ளும் துணைதான் என்பதை 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கு தெளிவாக்கியது. அந்தக் கண்ணோடு ஐரோப்பாவைப் படித்தால் எல்லாமே தலைகீழாகத் தெரியும்.

அடுத்து, லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்புகளைக் கால வரிசையில் படியுங்கள். 1963இல் வான் கெண்ட் என் லோஸ் வழக்கு, இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை அமைத்த ஒப்பந்தத்தின் விதியைக் குடிமக்களே தம் நாட்டு நீதிமன்றத்தில் நேரடியாகக் கோரலாம் என்றது. அடுத்தது 1964இல் தீர்ப்பான வழக்கு. மிலான் வழக்கறிஞர் ஃபிளாமினியோ கோஸ்டா, மின்துறை அரசுடைமையாக்கப்பட்டதை எதிர்த்து 1,925 லிரா மின்கட்டணத்தைக் கட்ட மறுத்தார். பிற்காலத்தில் வந்த சட்டமே செல்லும் என்று இத்தாலிய அரசமைப்பு நீதிமன்றம் அதே ஆண்டு மார்ச்சில் சொல்லியிருக்க, பின்னால் வரும் எந்த உள்நாட்டுச் சட்டமும் அந்த ஐரோப்பியச் சமூகத்தின் சட்டத்தை மீற முடியாது என்று ஜூலையில் லக்சம்பர்க் பதிலளித்தது.

நம் பொருளுக்கு உயிரானது 1970இல் வந்த இன்டர்நேஷனாலே ஹாண்டல்ஸ்கெசல்ஷாஃப்ட் வழக்கு. மக்காச்சோள மாவை ஏற்றுமதி செய்ய உரிமம் பெற்ற ஜெர்மன் நிறுவனம் குறித்த காலத்தில் முழு அளவையும் அனுப்பவில்லை. கட்டிய வைப்புத்தொகையின் ஒரு பகுதி பறிபோனது. அந்த விதி ஜெர்மன் அடிப்படைச் சட்டம் (அந்நாட்டின் அரசமைப்பு) தரும் உரிமைகளை மீறுகிறது என்று நிறுவனம் வாதிட்டது. சமூகச் சட்டத்தின் செல்லுபடியை நாட்டின் அரசமைப்பை வைத்து அளக்கக் கூடாது, ஆனால் அடிப்படை உரிமைகளை நாமே காப்போம் என்றது ஐரோப்பிய நீதிமன்றம். வாக்கியத்தின் இரண்டாம் பாதியைப் பல மாணவர்கள் விட்டுவிடுகிறார்கள். விட்டால் பின்னால் வரும் எதுவும் விளங்காது.

இனி வழியைக் குறித்துக்கொள்ளுங்கள். காப்பி இறக்குமதியாளர் ஒருவர் 2023/1115 தம் தொழில் உரிமையை மீறுகிறது என்று ஜெர்மன் நீதிமன்றத்தில் சொன்னால், அந்த நீதிபதி தாமாக அதைச் செல்லாததென அறிவிக்க முடியாது. 1987ஆம் ஆண்டின் ஃபோட்டோ ஃப்ராஸ்ட் தீர்ப்பின்படி அந்த அதிகாரம் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கே உண்டு. ஐயம் இருந்தால், ஐரோப்பிய ஒன்றியச் செயல்பாட்டு ஒப்பந்தத்தின் 267ஆம் பிரிவில் கேள்வி அனுப்ப வேண்டும்.

மோதலில் தோற்கும் உள்நாட்டு விதி ரத்தாவதில்லை என்பதையும் மறவாதீர்கள். அந்த வழக்கில் நீதிபதி அதை ஒதுக்கிவைப்பார்; மேல் நீதிமன்றத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம் என்று 1978இல் சிம்மெந்தால் தீர்ப்பு கூறியது. ஆனால் சில நேரம் அரசமைப்பே திருந்தும். ஆயுத மின்னணுப் பராமரிப்புப் பணிக்கு விண்ணப்பித்த தான்யா கிரைல், பெண் என்பதால் ஜெர்மன் ராணுவத்தால் மறுக்கப்பட்டார். அடிப்படைச் சட்டத்தின் 12அ பிரிவு பெண்களின் ஆயுதப் பணியைத் தடுத்திருந்தது. 2000 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதே ஆண்டில் ஜெர்மனி அந்தப் பிரிவைத் திருத்தியது.

கடைசியாக, அதே கேள்வியை நாட்டின் நீதிமன்றத்திடம் கேளுங்கள், விடை மாறும். ஒன்றியச் சட்டத்துக்குத் தங்கள் அரசமைப்பு இடம் கொடுத்ததால்தான் அது மேலோங்குகிறது என்பதே ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றத்தின் நிலை. கொடுத்தவருக்கு எல்லை வகுக்கவும் உரிமை உண்டு. ஐரோப்பாவில் போதிய உரிமைக் காப்பு இல்லாத வரை நாங்கள் சோதிப்போம் என்று 1974இல் சொன்ன அதே நீதிமன்றம், 1986இல் காப்பு இருக்கும் வரை சோதிக்க மாட்டோம் என்று திரும்பியது. ஒப்பந்தமும் கைகொடுக்காது: முதன்மையைச் சொல்லும் விதி எதுவும் அதன் உடலில் இல்லை; லிஸ்பன் ஒப்பந்தத்தோடு இணைத்த 17ஆம் அறிவிப்பு மட்டுமே அதைப் பேசுகிறது. ஒன்றிய ஒப்பந்தத்தின் 4(2) பிரிவோ நாடுகளின் அரசமைப்பு அடையாளத்தை மதிக்கச் சொல்கிறது. ஆகவே எந்த நீதிமன்றத்தின் நிலையில் நின்று எழுதுகிறீர்கள் என்பதை விடையின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

எதிர்ப்புத் தீர்ப்புகளை எல்லாம் ஒரே கூடையில் போடவும் வேண்டாம். 2020 மே 5 அன்று ஜெர்மன் நீதிமன்றம், ஐரோப்பிய மத்திய வங்கியின் கடன்பத்திரக் கொள்முதலும் அதை ஏற்ற ஐரோப்பியத் தீர்ப்பும் அதிகார வரம்பு மீறியவை என்றது. அது குறிப்பிட்ட ஒரு செயலைப் பற்றிய சர்ச்சை. ஜெர்மன் அரசு ஒன்றியச் சட்டத்தின் முதன்மையை உறுதிசெய்த பின், ஐரோப்பிய ஆணையம் அந்நாட்டின் மீது எடுத்திருந்த நடவடிக்கையை 2021 டிசம்பரில் கைவிட்டது. 2021 அக்டோபர் 7 அன்று போலந்தின் அரசமைப்புத் தீர்ப்பாயமோ ஒன்றிய ஒப்பந்தத்தின் 1, 19ஆம் பிரிவுகளையே சில பொருளில் தன் அரசமைப்புக்கு முரணானவை என்றது. நீதிபதிகளின் சுதந்திரத்தைக் காக்கும் பிரிவு 19 என்பதால், அதைத் தள்ளுவது ஒரு செயலை எதிர்ப்பதைவிட மிகப் பெரிய காரியம் என்றே நான் கருதுகிறேன்; மாதிரி நீதிமன்றப் போட்டியில் போலந்துக்காக வாதாட நேர்ந்தாலும் ஜெர்மன் தீர்ப்பை முன்னோடியாகக் காட்டும் முன் இந்த வேறுபாட்டுக்குப் பதில் தயாரித்துக்கொள்ளுங்கள்.