குழந்தை அறைக்குத் தரை: மேலே பளபளப்பைப் பார்க்குமுன் அடியில் பாருங்கள்

மலேசியாவில், தெலுக் இந்தான் வட்டாரத்தில் தரை வேலை செய்கிறேன். பெரும்பாலும் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகள். முதல் பேரப்பிள்ளை வரப்போகிறது என்றால் ஓர் அறையை ஒழித்து, பழைய சிமெண்டுத் தரையை மறைத்து, மரம் மாதிரி எதையாவது போட்டுவிட வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. ஆசையில் தப்பில்லை. ஆனால் வீட்டுக்காரர்களும் புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்களும் அதே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை. வழுக்குகிற டைல்ஸ், தடுக்கி விழவைக்கும் மிதியடி போன்றவை உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஈரம் ஏறும் தரையை மூடுவது

எனக்கு இன்றுவரை கோபம் வருவது இதற்குத்தான். கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த எஸ்பிசி பலகை விற்கிறவர், "தண்ணியில ஊறப் போட்டாலும் ஒண்ணும் ஆகாதுங்க" என்பார். பலகைக்கு ஒன்றும் ஆகாதுதான். அந்த உத்தரவாதம் பலகைக்கு மட்டும், அறைக்கு இல்லை. மேலே சிந்தும் பாலையும் மூத்திரத்தையும் தடுக்கிற அதே பலகை, கீழிருந்து வரும் ஈரத்தையும் வெளியே விடாமல் தனக்கும் சிமெண்டுக்கும் நடுவே பிடித்து வைத்துக்கொள்ளும்.

எங்கள் ஊர் மண் எப்படிப்பட்டது என்பதற்குச் சாட்சி ஊர் நடுவிலேயே நிற்கிறது. 1885இல் கட்டிய கோபுரம் மண் இளகிச் சாய்ந்துபோனது. கடலோரத் தாழ்நிலம் இது. தோட்டத்துக்குள் சில வரிசை மரங்களைத் தாண்டினால் ஒரு வாய்க்கால் வந்துவிடும். நிலத்தடி நீர் அவ்வளவு மேலே இருக்கிறது. கான்கிரீட் கல் போலத் தெரிந்தாலும் அதற்குள் நுண்துளைகள் உண்டு. திரி எண்ணெயை இழுப்பதுபோல் அவை நீரை இழுக்கும். கட்டும்போதே அடியில் கனத்த பாலித்தீன் தாள் விரித்திருந்தால் ஈரம் அங்கேயே நின்றுவிடும். தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீடுகளிலும், பின்னால் ஒட்டிக் கட்டிய அறைகளிலும் அந்தத் தாள் இல்லை என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

திறந்த சிமெண்டுத் தரையில் ஏறுகிற ஈரம் காற்றோடு போய்விடும். அதனால் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாது, மூடிய பிறகுதான் தெரியும். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு வீட்டில் முதலில் கண்டுபிடித்தது பாட்டி. "தம்பி, புள்ளயத் தூக்குனா ஈரச் சாக்கு நாத்தம் அடிக்குது" என்றார். துணியைத் துவைத்துத் துவைத்து மருமகள் களைத்துப் போயிருந்தாள். ஏணைக்குக் கீழே இருந்த பலகையை நெம்பி எடுத்தேன். மேல்பக்கம் நேற்றுப் போட்டதுபோல் இருந்தது. அடிப்பக்கத்தில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது, நுரைத் தாள் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். பலகை, கூலி, சுவரோரக் கட்டை, எல்லாக் காசும் போனது. காசு போனதாவது பரவாயில்லை. தவழும் பிள்ளையின் மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கிறது. வீட்டு ஈரமும் பூஞ்சணமும் இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் தொடர்புடையவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது.

இத்தனைக்கும் சோதனைக்குச் செலவே இல்லை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து, நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிடுங்கள். பிரிக்கும்போது உட்பக்கம் நீர் கோத்திருந்தாலோ, சிமெண்டு கறுத்திருந்தாலோ அந்தத் தரையை மூடாதீர்கள். அறை நடுவில் ஒன்று, வெளிச்சுவர் மூலையில் ஒன்று ஒட்டிப் பாருங்கள். பிப்ரவரி வெயிலில் தேறிய தரை தீபாவளி மழையில் தேறாமல் போகலாம். சுவரடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் சோதனைகூட வேண்டியதில்லை.

ஈரம் இருந்தால் முதலில் வெளியே போய்ப் பாருங்கள். பின்பக்கக் கால்வாய் அடைத்திருக்கும், அல்லது கூரைத் தண்ணீர் சுவரோரமே கொட்டிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்தும் நிற்கவில்லை என்றால் ஈரத்தடுப்பு எப்பாக்சி பூசவேண்டும். அதற்கு வசதி இல்லையா? சிமெண்டை வழவழப்பாகப் பூசி அப்படியே விடுங்கள். என்னைக் கேட்டால், கீழ்த்தள அறைக்குச் சொரசொரப்பான போர்சலின் டைல்ஸ்தான். அது நீரை 0.5 விழுக்காட்டுக்கு மேல் உறிஞ்சாது, அழுகவும் அழுகாது. குளிர்ச்சி ஆகாது என்று பெரியவர்கள் சொன்னால், பிள்ளை இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு பாயை விரித்துக்கொள்ளலாம்.

வளைகாப்புக்குப் பிறகு வேலையைத் தொடங்குவது

ஐந்தாம் மாதத்திலேயே தொடங்குங்கள். மரத்தூளைப் பிசினால் அழுத்திச் செய்த லேமினேட் பலகையின் பிசினிலிருந்து பார்மால்டிஹைடு வெளியேறும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. வாங்கினால் அந்த வாயு குறைவாக வெளியேறும் என்பதைக் காட்டும் இ1 அல்லது இ0 முத்திரை பார்த்து வாங்குங்கள், போட்ட பிறகு சில வாரங்கள் சன்னலைத் திறந்தே வையுங்கள். புதிதாகச் சிமெண்டு பூசினால் அது உலர நாளுக்கு 1 மில்லிமீட்டர் என்று கணக்கு வைப்பார்கள். 40 மில்லிமீட்டர் பூச்சுக்கு 40 நாள், மழைக்காலத்தில் இன்னும் கூடும். தாய்வீட்டிலிருந்து பச்சை உடம்புக்காரி திரும்பி வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த நாட்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

நுரைப் புதிர்ப் பாயை விரித்தபடி விடுவது

துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து விரிக்கிற பாய் இது. மாலையில் எடுத்து, இரண்டு பக்கமும் துடைத்து, நிறுத்தி வையுங்கள். ஈரத் தரையில் இதற்கடியிலும் அதே கதைதான். இந்தப் பாய்களிலிருந்து வரும் பார்மமைடு என்ற வேதிப்பொருளுக்காக 2010இல் பெல்ஜியமும் பிரான்சும் விற்பனையையே தடுத்தன. உறை பிரித்ததும் மூக்கில் ஏறுகிற வாசனை அடித்தால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

பழைய ரப்பர் பாய்க்கு மேல் தீபாவளிப் புதுப் பாய்

பழையதைப் பிரித்து எடுங்கள். அடியில் இருப்பதைப் பார்த்த பிறகு பேசுவோம்.

கார்ப்பெட்

நம் ஊர் ஈரக்காற்றில் வேண்டாம்.

வேலை முடிந்ததும் ஒருமுறை மட்டும் பெருக்குவது

பலகைச் சில்லும் திருகாணியும் சுவரோரக் கட்டைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். சுமார் 32 மில்லிமீட்டர் அகலக் குழாய்க்குள் முழுதாக அடங்குகிற எதுவும் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் தொண்டையில் சிக்கலாம். பொம்மைகளைச் சோதிப்பதும் அந்த அளவில்தான். வாசல்படி இணைப்புப் பட்டையின் திருகாணிகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள், முதலில் கழன்று வருவது அவைதான்.