ஆணுறை போட்டும் சிறுநீர் எரிகிறதா? பயத்தில் இதையெல்லாம் செய்யாதீர்கள்

ஆணுறை கிழியவில்லை, நழுவவும் இல்லை. ஆனால் மறுநாளே சிறுநீர் போகும்போது லேசாக எரிகிறது, அடிக்கடி முட்டிக்கொண்டு வருகிறது. உடனே மனசு எச்.ஐ.வி. வரைக்கும் ஓடிவிடும். இதுதான் முதல் தவறு. சிறுநீர் எரிச்சல் எச்.ஐ.வி.யின் அறிகுறியே அல்ல. உடலுறவில் தொற்றும் கிருமி நோய்களில் கொனோரியா தலைகாட்ட பொதுவாக 2 முதல் 7 நாள் ஆகும், கிளமிடியாவுக்கு 1 முதல் 3 வாரம். சில மணி நேரத்திலேயே எரிகிறது என்றால் பெரும்பாலும் உராய்வோ, ஆணுறையின் லேடெக்ஸோ, அதில் தடவிய விந்துக்கொல்லி மருந்தோ ஒத்துக்கொள்ளாமல் வந்த எரிச்சல்தான். பெண்களுக்கு உடலுறவுக்குப் பிறகு சாதாரண சிறுநீர்த் தொற்று வருவதும் உண்டு, அதற்குக் காரணம் அவரவர் உடம்பிலேயே இருக்கும் கிருமி என்பதால் ஆணுறை அதைத் தடுக்காது.

அடுத்தது, ஆண்கள் நிறையப் பேர் செய்வது: சீழ் வருகிறதா என்று மணிக்கொரு தடவை ஆணுறுப்பை அழுத்திப் பிழிந்து பார்ப்பது. தயவுசெய்து நிறுத்துங்கள். பிழியப் பிழிய உள்ளே புண்படும், நிறமற்ற கசிவு துளி வரும், அதைப் பார்த்துப் பயம் இன்னும் கூடும், மறுபடி பிழியத் தோன்றும். பதற்றத்தில் இடுப்புத் தசைகள் இறுகினாலே அடிக்கடி போக வேண்டும் போல இருக்கும். அதன்மேல் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டு எத்தனை முறை போனோம் என்று எண்ணுவதில் என்ன பயன்? கிருமிநாசினி ஊற்றிக் கழுவுவதும் எரிச்சலைத்தான் கூட்டும், வெறும் தண்ணீர் போதும்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை எடுத்துப் போட்டுக்கொள்வதுதான் இதில் மோசமானது. சிப்ரோஃப்ளாக்சசின் பல இடங்களில் கொனோரியாவுக்கு இப்போது வேலை செய்வதில்லை, அதற்கு ஊசி மருந்துதான் முக்கிய சிகிச்சை. அரைகுறையாக மாத்திரை போட்டால் கிருமி முழுசாகச் சாகாது, ஆனால் பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம்.

சரி, பரிசோதனையிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கான கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வரும் சிறுநீரைப் பிடிக்க வேண்டும். கிளமிடியா, கொனோரியா கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் வகைச் சோதனைக்கு நேர்மாறு: ஆண்கள் குறைந்தது ஒரு மணி நேரம் போகாமல் இருந்து, முதலில் வருவதையே பிடிக்க வேண்டும், பெண்களுக்கு பெரும்பாலும் சிறுநீரைவிட யோனியிலிருந்து எடுக்கும் மாதிரியே மேல். சாதாரண சிறுநீர் ரிப்போர்ட் நார்மல் என்பதால் இந்த இரண்டும் இல்லை என்று ஆகிவிடாது. அறிகுறி இல்லாதவர்கள் மறுநாளே ஓடாமல் 2 வாரம் கழித்துச் செய்தால்தான் முடிவை நம்பலாம். அறிகுறி இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

அதற்காக ஆணுறை போட்டோமே என்று ஒரேயடியாக அசட்டையாகவும் இருக்கக்கூடாது. பாதியில் போட்டிருக்கலாம், வாய்வழி உறவில் போடாமல் இருந்திருக்கலாம். ஹெர்பிஸ், சிஃபிலிஸ் போன்ற பால்வினை நோய்கள் எல்லாம் ஆணுறை மூடாத தோல் வழியாகவும் பரவும். ஆணுறை கிழிந்தது தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

மஞ்சளாகக் கெட்டியான சீழ், விதைப்பையில் வலி அல்லது வீக்கம், பெண்களுக்கு அடிவயிற்று வலி, காய்ச்சலோடு விலாப்பக்க வலி, சிறுநீரில் ரத்தம், சிறுநீரே வராமல் அடைப்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். போகும்போது "சூடு பிடித்துவிட்டது" என்று மழுப்பாமல் எந்த நாள், எந்த மாதிரி உறவு, என்ன மாத்திரை போட்டீர்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எந்தச் சோதனை எழுதுவது என்பதை மருத்துவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.