லைசென்ஸ் எடுக்கும்போதே ஐசி முகவரியைப் பாருங்கள்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பெராயில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறேன். வருபவர்களில் 17 வயதுப் பிள்ளைகள்தான் அதிகம். லைசென்ஸ் கைக்கு வந்ததும், “அங்கிள், இனி வாக்காளர் பட்டியல்லயும் பேரு தானா வந்துடுமா?” என்று கேட்கிறார்கள். அது அமெரிக்காவில். ஓரகன் மாநிலம் 2016-இல் அப்படித் தொடங்கியது. லைசென்ஸ் அலுவலகத்திலிருந்தே பெயர் போய்விடும். இங்கே லைசென்ஸ் கொடுக்கும் ஜேபிஜேவுக்கும் (சாலைப் போக்குவரத்துத் துறை) வாக்குக்கும் சம்பந்தமில்லை. 2021 டிசம்பர் 15 முதல், 18 வயது நிறைந்த குடிமக்களை ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) பதிவைப் பார்த்து எஸ்பிஆரே (தேர்தல் ஆணையம்) சேர்த்துக்கொள்கிறது.

நீங்கள் பாரம் எதுவும் நிரப்ப வேண்டாம். ஆனால் எந்தத் தொகுதி என்பதை ஐசி, அதாவது அடையாள அட்டை, முகவரிதான் முடிவு செய்யும். அந்த ஐசி 12 வயதில் எடுத்தது. இடையில் எத்தனை குடும்பங்கள் வீடு மாறியிருக்கும்! ஐசியில் இன்னும் சுங்கை பட்டாணி முகவரி இருந்தால், நீங்கள் பெராயில் குடியிருந்தாலும் உங்கள் வாக்கு கெடா மாநிலத்தில்தான்.

அதனால் 18 ஆவதற்கு முன்பே ஜேபிஎன் போய் முகவரியை மாற்றிவிடுங்கள். அப்பாவோ அம்மாவோ கூட வருவது நல்லது. ஜேபிஜேவில் முகவரி மாற்றினால் ஐசியில் மாறாது. இதை நான் ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லிவிடுவேன், ஏனென்றால் 18க்குப் பிறகு வேலை இரட்டிப்பு: ஐசியை மாற்றினாலும் தொகுதி தானாக மாறாது. மைஎஸ்பிஆர் டஃப்தார் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் அந்தத் தேர்தலுக்கு உதவாது.

பிறந்தநாள் கழிந்து கொஞ்ச நாள் விட்டு, மைஎஸ்பிஆர் செமாக் தளத்தில் ஐசி எண்ணைத் தட்டிப் பாருங்கள். நாடாளுமன்றத் தொகுதியும் சட்டமன்றத் தொகுதியும் வரும். பெராய்க்காரர்களுக்கு நாடாளுமன்றத்துக்கு ‘பத்து காவான்’, சட்டமன்றத்துக்கு ‘பெராய்’ என்று இருக்க வேண்டும். தேர்தல் நெருங்கும்போது வாக்களிக்கும் பள்ளியும் சாலுரான் (அங்கே நீங்கள் வாக்களிக்கும் வரிசை) எண்ணும் அதிலேயே தெரியும். சாலுரான் வயதுப்படி பிரிப்பதால் இளையவர்களுக்குக் கடைசி எண்கள்தான் கிடைக்கும்.

அப்புறம், கோலாலம்பூருக்குப் படிக்கப் போகிறவர்கள் ஐசியை அங்குள்ள வாடகை அறை முகவரிக்கு மாற்றுமுன் யோசியுங்கள். அது கூட்டரசுப் பிரதேசம், சட்டமன்றம் கிடையாது. தொகுதியையும் அங்கே மாற்றினால் நாடாளுமன்ற வாக்கு மட்டுமே இருக்கும், பினாங்கு சட்டமன்றத் தேர்தலில் உங்களுக்கு வாக்கு இருக்காது.