மலச்சிக்கலுக்குக் கம்பும் கொள்ளும்

கொங்கு வீடுகளில் மூன்று வேளையும் அரிசி என்றாகிவிட்டது பெரிய இழப்பு. 100 கிராம் கம்பில் நார்ச்சத்து சுமார் 11 கிராம். தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும்.

காலையில் கம்மங்கூழோ ராகிக் களியோ குடிக்கலாம், சாப்பிடலாம். அரிசியும்பருப்புஞ்சோறு ஆக்கும் நாளில் பக்கத்தில் ஒரு கிண்ணம் கீரைக் கடைசல் வையுங்கள். கொள்ளு வேகவைத்த தண்ணீரை மட்டும் ரசம் வைத்துவிட்டுப் பயறை ஒதுக்காதீர்கள். நார் பயறில்தான் இருக்கிறது. மாலையில் தோலோடு ஒரு கொய்யா. எல்லாவற்றையும் ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். தண்ணீர் குறைந்தால் நாரே அடைத்துக்கொள்ளும். சிறுநீரக, இதய நோயாளிகள் மட்டும் தண்ணீர் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும். அதனால் காலை உணவு முடித்த அரை மணிக்குள் போய் உட்காருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் முக்காலடி உயரப் பலகை. 10 நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம், முக்கவும் வேண்டாம். பனியன் கம்பெனி ஷிப்டுக்காக அடக்குவதுதான் மிக மோசம்: தங்கத் தங்கக் குடல் நீரை உறிஞ்சி மலத்தைக் கல்லாக்கிவிடும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு என்றால் மருத்துவரைப் பாருங்கள். வாந்தியோடு வயிறு உப்பிக் காற்றும் பிரியாவிட்டால் அன்றே ஆஸ்பத்திரி.