குயின்ஸில் தென் அமெரிக்கச் சாப்பாடு: முதல்முறை போகிறவர்களுக்கு

நியூயார்க்கில் தென் அமெரிக்கச் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒரே இடம்தான்: அந்நகரின் ஒரு பகுதியான குயின்ஸில் இருக்கும் ரூஸ்வெல்ட் அவென்யூ. ஆனால் போய் உட்கார்ந்து பொத்தாம்பொதுவாக ஆர்டர் செய்யாதீர்கள். கடை கொலம்பியாக்காரருடையதா, ஈக்வடார்க்காரருடையதா, பெருக்காரருடையதா என்று பார்த்து, அந்த நாட்டில் எது பேர்போனதோ அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

படி 1: போய்ச் சேருவது

டைம்ஸ் ஸ்கொயரில் ஃப்ளஷிங் போகும் 7ஆம் எண் ரயிலில் ஏறி 74ஆவது தெரு நிலையத்தில் இறங்குங்கள். எண்ணைச் சுற்றி வட்டம் போட்ட வண்டி மட்டும்தான் அங்கே நிற்கும், சாய்சதுரம் போட்டது எக்ஸ்பிரஸ். இறங்கினதும் நம்மூர் மளிகைக் கடைகளும் நகைக்கடைகளும் கண்ணில் படும். அங்கேயே நின்றுவிடாமல், தலைக்கு மேலே ஓடும் ரயில் தண்டவாளத்துக்குக் கீழேயே ரூஸ்வெல்ட் அவென்யூவில் கிழக்குப் பக்கமாக நடந்தால் 82ஆவது தெருவுக்குள் கடைப் பலகைகள் எல்லாம் ஸ்பானிய மொழிக்கு மாறியிருக்கும்.

படி 2: கொலம்பியா பேக்கரி

வயிற்றை நிரப்பாமல் தொடங்குவதற்கு இதுதான் சரி. பான்தெபோனோ கேளுங்கள். பாலாடைக்கட்டியும் மரவள்ளி மாவும் சேர்த்துச் சுட்ட சின்ன உருண்டை, சூடாகப் பிய்த்தால் உள்ளே இழுபடும், ஆறிவிட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும், அதனால் எது இப்போது அடுப்பிலிருந்து வந்தது என்று கேட்டே வாங்குங்கள். கூடவே அகுவாபனேலா, அதாவது வெல்லம் கரைத்த தண்ணீர். சூடாகவும் தருவார்கள்.

படி 3: அரேபா

மக்காச்சோள மாவில் தட்டிச் சுடுவது. முதல்முறை என்றால் அரேபா தெ சோக்லோதான் என் சிபாரிசு. இளஞ்சோளத்தை அரைத்து, வெண்ணெய் விட்டுக் கல்லில் வார்த்து, மேலே வெள்ளைப் பாலாடைக்கட்டி போட்டு மடித்துத் தருவார்கள், தித்திப்பும் உப்பும் ஒரே வாயில் வரும். கொலம்பியாவில் நீதிபதியாக இருந்த மரியா பியேதாத் கானோ இந்தத் தெருவில் இரவு நேரத்தில் தள்ளுவண்டி போட்டு அரேபா விற்றவர். அவர் குடும்பம் இப்போது ஜாக்சன் ஹைட்ஸில் 'அரேபா லேடி' என்ற பெயரில் உணவகமே நடத்துகிறது.

நல்ல பசி என்றால் பண்டேஹா பைசா. பீன்ஸ், சோறு, கொத்துக்கறி, பொரித்த பன்றிக்கறி, சொரிசோ என்ற சாசேஜ், முட்டை, நேந்திரம்பழ வறுவல், அவகாடோ, அரேபா எல்லாம் ஒரே தட்டில் வரும். இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். காரம் இருக்காது, மேசையில் இருக்கும் அஹி என்ற மிளகாய் சாஸை ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

படி 4: இரண்டு செவிச்சே

என்னைக் கேட்டால் இந்தத் தெருவுக்கு வருவதே இதற்காகத்தான். பெரு கடையில் செவிச்சே என்றால் பச்சை மீன் துண்டுகளை எலுமிச்சைச் சாறு, மிளகாய், சிவப்பு வெங்காயத்தோடு கலந்து உடனே பரிமாறுவார்கள். சாறு பட்டதும் மீன் வெளுத்துக் கெட்டியாகும். பக்கத்தில் அவித்த சர்க்கரைவள்ளி, வறுத்த சோளம். தட்டில் தேங்கும் சாற்றை விட்டுவிடாதீர்கள், ருசியெல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஈக்வடார் கடையில் அதே பெயரில் பெரும்பாலும் இறால் வரும், ரசம் மாதிரி நீர்க்க இருக்கும், ஸ்பூனால்தான் சாப்பிட வேண்டும். பாப்கார்ன் ஒரு கிண்ணத்தில் வைப்பார்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொள்ளுங்கள், மொத்தமாகக் கொட்டினால் நமத்துப்போகும். பச்சை மீன் வேண்டாம் என்பவர்கள் என்செபோயாதோ கேட்கலாம்: சூரை மீன், மரவள்ளிக்கிழங்கு போட்ட சூப், மேலே எலுமிச்சையில் ஊறிய வெங்காயம். மழை நாளில் இதை விட்டால் வேறு எதுவும் எனக்குத் தோன்றாது.

படி 5: பெரு கோழி

பொயோ அ லா பிராசா, கம்பியில் சுழலவிட்டுச் சுட்ட கோழி. 1950 வாக்கில் லிமாவுக்குப் பக்கத்தில் ரோஜர் ஷூலர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் தொடங்கி வைத்தது. கால் கோழி போதும், பச்சை சாஸ் மட்டும் கூடுதலாகக் கேளுங்கள், காரம் நம் நாக்குக்குச் சரியாக இருக்கும்.

சைவம் என்றால்

"சின் கார்னே" என்று சொன்னால் கறி வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள், ஆனால் பீன்ஸிலேயே பன்றிக்கறி போட்டிருக்கலாம், அதைத் தனியாகக் கேளுங்கள். அரேபா, பான்தெபோனோ, ஈக்வடார்க்காரர்களின் உருளைக்கிழங்கு அடையான யாப்பிங்காச்சோ இவற்றிலேயே வயிறு நிறைந்துவிடும். தள்ளுவண்டிகளுக்குச் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் பில்லுக்கு மேல் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது அங்கே வழக்கம்.