மூத்த பேராசிரியர் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: மூலக்கூற்று ஊட்டச்சத்துத் துறையை முன்வைத்து

1990-இல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுவினர், திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டனர். வாரம் ஒரு முறை சிறிய அளவில் வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்திருந்தது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1987-இல், வைட்டமின் ஏ உடலுக்குள் ரெட்டினாயிக் அமிலமாக மாறிய பிறகு போய்ப் பொருந்துகிற ஏற்பி உயிரணுக் கருவுக்குள் இருப்பதையும், அதன் வழியாகவே மரபணுக்கள் இயக்கப்படுவதையும் வெளிநாட்டு ஆய்வகங்கள் கண்டறிந்திருந்தன. ஊர்ப்புறத்துக் குழந்தையின் உயிருக்கும் உயிரணுக் கருவுக்குள் நடக்கும் வேலைக்கும் இடையில் உள்ள வழியைத் தேடுவதே மூலக்கூற்று ஊட்டச்சத்து ஆய்வு. இந்தத் துறைக்கு மூத்த பேராசிரியர் ஒருவரை அமர்த்துவதற்காகக் கூடிய தேர்வுக் குழுக்கள் சிலவற்றில் நானும் அமர்ந்திருக்கிறேன். நேர்காணல் நாளன்று குழுக்கள் செய்யும் பிழைகள் குறைவு. அதற்கு ஆறு மாதம் முன்பும் ஆறு மாதம் பின்பும் நிகழ்பவையே அதிகம் என்பது என் அனுபவம்.

முதல் பிழை விளம்பரத்திலேயே தொடங்குகிறது. மதுரையை எடுத்துக்கொண்டால், உயிர்வேதியியலும் உயிர்த்தொழில்நுட்பமும் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. ஊட்டச்சத்தியல் ஒத்தக்கடையில் வேளாண் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. மருத்துவம் பனகல் சாலையில் இருக்கிறது. நாம் தேடும் ஆள் இம்மூன்றில் எதில் வேண்டுமானாலும் முனைவர் பட்டம் பெற்றிருக்கலாம். அப்படியிருக்க, பழைய விளம்பரத்தின் நகலை எடுத்து, துறைப் பெயரை மட்டும் மாற்றி, ‘மனையியல் அல்லது ஊட்டச்சத்தியலில் முனைவர் பட்டம்’ என்று போட்டுவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதை ஆராய்ந்த உயிர்வேதியியலாளர் அந்த ஒரு வரியால் வெளியே நின்றுவிடுகிறார். இதற்கு மாறாக, ‘தொடர்புடைய துறைகள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டு, எவை தொடர்புடையவை என்பதை விண்ணப்பங்கள் வந்த பிறகு முடிவு செய்வோரும் உண்டு. அது நேராக உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுவாகப் போய் நிற்கும். விதிகள் இடங்கொடுத்தாலன்றித் தேர்வு தொடங்கிய பின் தகுதி அளவுகோல்களை இடையில் மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. எந்தெந்தத் துறைப் பட்டங்கள் ஏற்கப்படும், வடிகட்டும் முறை என்ன, மதிப்பெண் பகிர்வு என்ன, இனச்சுழற்சியில் இந்த இடம் யாருக்கு உரியது ஆகிய அனைத்தும் விளம்பரத்திலேயே இருந்தாக வேண்டும்.

பேராசிரியர், முதுநிலைப் பேராசிரியர் என்ற இரண்டு பதவிகளையும் குழப்பிக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி பேராசிரியருக்கு முனைவர் பட்டமும், 10 ஆண்டு அனுபவமும், தரமான இதழ்களில் குறைந்தது 10 கட்டுரைகளும், 120 ஆய்வு மதிப்பெண்ணும், முனைவர் பட்ட மாணவருக்கு வழிகாட்டியதற்கான சான்றும் வேண்டும். முதுநிலைப் பேராசிரியர் அதற்கு மேற்பட்ட தனிப் படிநிலை. பேராசிரியராகவே 10 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும்; கடந்த 10 ஆண்டுகளில் அவருடைய வழிகாட்டுதலில் குறைந்தது இருவர் பட்டம் பெற்றிருக்க வேண்டும்; அனுமதிக்கப்பட்ட பேராசிரியர் இடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் இப்பதவி கூடாது. அனுபவமிக்க பேராசிரியர் எவரையும் பேச்சுவழக்கில் ‘சீனியர் புரொபசர்’ என்று சொல்வதை அப்படியே விளம்பரத்தில் எழுதிவிட்டால், வேண்டியவர் தகுதியிழப்பார் அல்லது வேறு ஊதிய நிலையில் விண்ணப்பிப்பார். விதிமுறை அவ்வப்போது மாறக்கூடியது என்பதால், விளம்பரம் வெளியாகும் நாளில் எது நடைமுறையில் உள்ளதோ அதையே பதிவாளர் அலுவலகம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

குழுக்கள் அதிகம் சறுக்குவது கட்டுரைகளை எடைபோடும் இடத்தில்தான். ஸ்பைரல் பைண்டிங் செய்து, வண்ண அட்டை போட்டு, இருநூறு பக்கத்துக்கு மேல் வந்து குவியும் விண்ணப்பங்களில் பெரும்பாலும் யாரும் படிப்பது முதல் பக்கத்து அட்டவணையை மட்டுமே: எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எவ்வளவு தாக்கக் குறியீடு. 120 மதிப்பெண் என்பது வாசலைத் தாண்டுவதற்கான அளவு. உள்ளே வந்தவர்களை வரிசைப்படுத்தும் அளவு அன்று. நூறு பேர் சேர்ந்து எழுதிய மரபணுக் கட்டுரையில் நாற்பதாவது பெயராக இருப்பவரும், நான்கு பேர் கட்டுரையில் ஆய்வுக்கே பொறுப்பேற்ற முதன்மை ஆசிரியராக இருப்பவரும் மேற்கோள் எண்ணிக்கையில் ஒரே உயரத்தில் தெரிவார்கள்.

இத்துறைக்கே உரிய பொறி ஒன்றும் உண்டு. மஞ்சளில் உள்ள குர்குமினைப் பற்றிய கட்டுரை ஒன்றாவது இல்லாத விண்ணப்பத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். வாய்வழியே கிராம் கணக்கில் கொடுத்தாலும் குர்குமின் இரத்தத்தில் மிகச் சொற்ப அளவே சேர்கிறது. அதே பொருளை வளர்தட்டில் உள்ள புற்று உயிரணுவின் மேல் அதைவிடப் பன்மடங்கு செறிவில் ஊற்றினால் உயிரணு சாகத்தான் செய்யும். போதாக்குறைக்கு, குர்குமின் நிலையற்ற மூலக்கூறு என்றும், பல சோதனை முறைகளில் பொய்யான வினையைக் காட்டுகிறது என்றும் மருந்து வேதியியலாளர்கள் 2017-இல் விரிவாக எழுதிவிட்டார்கள். கணினித் திரையில் மூலக்கூறைப் புரதத்தோடு பொருத்திப் பார்க்கும் ‘டாக்கிங்’ கட்டுரைகளின் நிலையும் இதுவே. தொடக்கப் புள்ளியாக அவற்றுக்கு மதிப்புண்டு, ஆனால் ஒருவருடைய இருபது ஆண்டு உழைப்பும் அங்கேயே நின்றிருந்தால் அவர் நம் தேவைக்கு ஏற்றவர் அல்லர். ஆகவே நேர்காணலில், ‘நீங்கள் பயன்படுத்திய செறிவு, சாப்பிட்ட மனிதரின் இரத்தத்தில் எட்டக்கூடியதா?’ என்று கேளுங்கள். ஒருமுறை இக்கேள்விக்கு ஒருவர், தம்முடைய ஆறு கட்டுரைகளில் இரண்டில் எட்டாது என்றும், அதனாலேயே அந்த வழியைக் கைவிட்டு இரும்பு உடலில் சேராமல் தடுக்கும் பைட்டேட் என்னும் பொருள் நொதித்த கேழ்வரகு மாவில் குறைவதையும், அதைத் தின்றவரின் உடலில் இரும்பு சேர்வதையும் பார்க்கத் தொடங்கியதாகவும் பதில் சொன்னார். அட்டவணைப்படி அவர் நான்காம் இடத்தில் இருந்தார். எங்கள் குழு அவருக்கே முதலிடம் கொடுத்தது.

மூலக்கூறு சொல்வதை மனித உடல் பொய்யாக்கிய வரலாறும் வேட்பாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 1994-இல் வெளிவந்தபோது, நலம் தரும் என்று எல்லோரும் நம்பியிருந்த, உடலில் வைட்டமின் ஏ-ஆக மாறக்கூடிய பீட்டா கரோட்டின் மாத்திரையை உட்கொண்டவர்களிடையே நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடியிருந்தது. இதே மூலக்கூற்றுக் குடும்பந்தான் திருச்சிக் குழந்தைகளைக் காப்பாற்றியது. இந்த முரணை அவர் எப்படி விளக்குகிறார் என்று பத்து நிமிடம் கேட்டால், இருநூறு பக்கமும் சொல்லாததை அறிந்துகொள்ளலாம். இருபது நிமிட நேர்காணலில் இது முடியாது. முதல் நாள் மாணவர்கள் முன்னிலையில் ஓர் உரை, மறுநாள் நேர்காணல் என்று வைத்துக்கொள்வது நல்லது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகள் உண்டா, சோதனையில் புரதத்தைக் காட்டும் ஒரே பட்டையின் படம் இரண்டு கட்டுரைகளில் வேறு வேறு பெயரில் வந்திருக்கிறதா என்பதை அழைப்புக் கடிதம் அனுப்புவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

வெளி வல்லுநர்களைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். பேராசிரியர் தேர்வில் இரண்டு வெளி வல்லுநர்கள் இல்லாமல் குழுவின் குறைவெண் (கோரம்) நிறையாது. கடைசி வாரத்தில் ஆள் கிடைக்காமல், வேட்பாளரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவரையோ அவருடைய ஆய்வு நெறியாளரையோ அழைத்துவிடுகிறார்கள். பட்டியலை முன்கூட்டியே தயாரித்து வைத்தால் இது நேராது.

அடுத்தது பணி ஆணைக்குப் பின் வரும் பிழைகள். வேட்பாளரைத் தேடும் மும்முரத்தில் அவருடைய ஆய்வகத்தை மறந்துவிடுகிறார்கள். நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். வேறு மாநிலத்திலிருந்து ஒருவர் சேர்ந்தார். அவரோடு டெம்போவில் வந்த மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி, முதல் மாடி ஆய்வகத்தின் வாசலில் நுழையவில்லை. நிலைக்கதவைக் கழற்றி, எட்டுப் பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். அதற்கெனத் தனி மின்இணைப்பும் இல்லை, ஜெனரேட்டர் இணைப்பும் இல்லை. மூன்றாம் வாரம் சனிக்கிழமை, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. மாலையில் காவலாளி தொலைபேசியில், “சார், காலையில ஒன்பது மணிக்குப் போன கரண்டு இப்பத்தான் வந்துச்சு, உங்க பெட்டி பீப் பீப்புன்னு கத்திக்கிட்டே இருக்கு” என்றார். திரையில் மைனஸ் 31 என்று காட்டியது. நான்கு ஆண்டுகள் சேர்த்த திசு மாதிரிகளில் பாதிக்கு மேல் ஆர்.என்.ஏ. ஆய்வுக்கு உதவாமல் போயின. அந்தப் பேராசிரியர் இரண்டே ஆண்டில் வேறிடம் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, வேட்பாளர் பட்டியல் சுருங்கியதுமே ஒவ்வொருவரிடமும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியவை சில உண்டு. எந்தக் கருவிகள் கட்டாயம், எவற்றைப் பொதுக் கருவியகத்தில் பகிர்ந்துகொள்ளலாம், மூலக்கூறுகளை எடையால் இனங்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரை இயக்கத் தனி ஆள் வேண்டுமா, முதல் ஆண்டுக்கான தொடக்க நிதி எவ்வளவு என்பவை முதலில் தெரிய வேண்டும். எலிகளில் ஆய்வு செய்பவர் என்றால் விலங்குக்கூடத்தின் பதிவு நடப்பில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். கத்திரி வெயிலில் குளிரூட்டி நின்றால் மாற்று என்ன என்பதற்கும் பதில் இருக்க வேண்டும். ஊட்டச்சத்து ஆய்வில் எலித் தீவனமே சோதனைப் பொருள் என்பதால், சந்தையில் கிடைக்கும் வழக்கமான தீவனம் பெரும்பாலும் உதவாது. உட்கூறுகள் வரையறுக்கப்பட்ட தனித் தீவனத்தை வாங்கும் செலவு ஆண்டுதோறும் வரும். தாய் எலியின் தீவனத்தில் ஃபோலிக் அமிலம் முதலானவற்றைக் கூட்டினாலே அகூட்டி எனப்படும் எலி வகையின் குட்டிகளுடைய மயிர் நிறம் மாறிவிடுகிறது என்று 2003-இல் காட்டியிருக்கிறார்கள் என்றால், கொள்முதல் பிரிவு ‘குறைந்த விலைப்புள்ளி’ என்று தீவனத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நடப்பிலுள்ள திட்ட நிதியும் தானாகக் கூடவே வந்துவிடாது. ஆய்வாளரின் பெயரில் இருந்தாலும் அந்த நிதி நிறுவனத்துக்கே வழங்கப்படுகிறது. கருவிகளும் பழைய நிறுவனத்தின் சொத்துப் பதிவேட்டில்தான் இருக்கும். நிதி வழங்கியவரின் ஒப்புதலும் பழைய நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் வேண்டும். மனிதரிடம் எடுத்த இரத்த மாதிரிகள் என்றால், இரு பக்கத்து அறநெறிக் குழுக்களின் அனுமதியும், மாதிரி கொடுத்தவர் முன்பு கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் அதற்கு இடங்கொடுக்கிறதா என்ற ஆய்வும் தேவை. இவற்றுக்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும்.

கடைசியாக, வயதைக் கேட்கத் தயங்குகிறார்கள். மத்தியப் பல்கலைக்கழகத்தில் 65 வயது வரை பணியாற்றலாம் என்றிருப்பவர், ஓய்வு வயது குறைவாக உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு 57 வயதில் வந்தால், விலங்குக்கூடம் தயாராகும்போது அவருக்கு ஒரு முனைவர் பட்ட மாணவரை முழுமையாக உருவாக்கும் காலமே மிஞ்சும். அழைப்பதற்கு முன்பே அவரிடம் இதை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். உடன் வரும் மாணவர்களின் பதிவு மாற்றம், வாழ்க்கைத் துணையின் வேலை, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றையும் அப்போதே பேசலாம். பணியில் சேரும் தேதியை ஜூன் மாதத்தை ஒட்டி வைத்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.